ஒரு ரிங் கொடுத்தால் போதும்

பாப்பிரெட்டிப்பட்டியில் சந்திரமோகன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். டீக்கடைக்காரர் “கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டுறாப்பல” என்பார். பக்கத்து வீட்டு தர்மன் அதை செல்போன் ரிப்பேர் என்றே முடிவு கட்டி, சார்ஜ் ஏறாத போனைத் தூக்கிக்கொண்டு மாதம் ஒரு முறையாவது வந்து கதவைத் தட்டுவார். அவன் மனைவி மாதம்மாதான் சரியாகச் சொல்வாள்: “நாள் முழுக்க ரூமுக்குள்ள ஒக்காந்து பெங்களூர்க்காரங்களுக்கு சரிங்க சரிங்கன்னு சொல்ற வேலைங்க.” அதில் பாதி உண்மை. மீதியும் உண்மைதான்.

லாரிகளுக்கு லோடு பிடித்துத் தரும் செயலி ஒன்றை பெங்களூரில் ஒரு சின்னக் கம்பெனி நடத்துகிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி என்று இந்தப் பக்கத்து டிரைவர்கள் நிறையப் பேர் அதைப் போனில் வைத்திருக்கிறார்கள். அது எல்லாப் போனிலும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதும், ஓடாவிட்டால் ஓட வைப்பதும் மோகனின் வேலை. கொரோனா சமயத்தில் மூட்டை முடிச்சோடு ஊருக்கு வந்தவன் அப்படியே தங்கிவிட்டான். கம்பெனியும் சரி என்றது. ஆனால் அந்தச் சரிக்குள் ஒரு சின்ன இளக்காரம் இருந்ததாக அவனுக்கு எப்போதும் ஒரு நினைப்பு.

இந்தத் தொழிலில் வருடத்துக்கு ஒரு திருவிழா உண்டு. போன்களை ஓட்டுகிற இயங்குதளத்துக்குப் புதிய பதிப்பு வரும். அது ஊர் உலகத்துக்கு வந்து சேர்வதற்குச் சில மாதம் முன்பே, செயலி எழுதுகிறவர்களுக்கென்று ஒரு முன்னோட்டப் பதிப்பை வெளியிடுவார்கள். பந்திக்கு முன்னால் சமையல்காரர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பாரே, அந்த மாதிரி. அதை ஒரு கணினியில் நிறுவி, தங்கள் செயலியை அதில் ஓட்டி, எது உடைகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடித்துவிட வேண்டும். இத்தனை வருடமும் அந்த வேலை பெங்களூர் அலுவலகத்து ஆட்களுக்கே போயிற்று. இந்த வருடம் மோகன் வாய்விட்டுக் கேட்டான். டீம் லீடர், “ஊர்ல இருந்துக்கிட்டு இதெல்லாம் முடியுமா மோகன்?” என்றார். அந்த ஒரு கேள்வி போதாதா, நம் ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

இங்கே அவனுடைய அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அக்கா கலைமணி அவனுக்குப் பத்து வயதுக்கு மேல் மூத்தவள். இதே ஊரில் பிறந்து, வத்தல்மலையில் ராஜப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். காப்பி, மிளகு, கொஞ்சம் சாமைக் காடு. மோகன் கோயமுத்தூரில் படிக்கிறபோது, மலையில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பாறை மேல் ஏறினால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று ஒரே ஒரு ரிங் கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள். அவனுடைய சிம்மில் மாணவர்களுக்கான சலுகை இருந்ததால் அவன் உடனே திருப்பிக் கூப்பிடுவான். சாப்பிட்டாயா, காய்ச்சல் விட்டதா, பரீட்சை எப்படி என்று எல்லாப் பேச்சும் அவன் செலவில் நடக்கும். இப்போது எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்கிற காலம் வந்துவிட்டது. அக்காவின் பழக்கம் மட்டும் மாறவில்லை. “ஒரு ரிங்கு குடுத்தா போதும், எந்தம்பி எந்த வேல இருந்தாலும் கூப்புட்ருவான்” என்று மலையில் அவள் பெருமை அடிக்காத வீடு கிடையாது.

முழு ரிங் அடித்தது வாழ்க்கையில் இரண்டே தடவை. அப்பா நஞ்சப்பன் செத்த அன்று மோகன் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். அவன் எடுக்கும்வரை விடாமல் அடித்தாள். அப்புறம் அவளுடைய மாமியார் போனபோது. அதிலிருந்து அவள் மனதில் ஒன்று ஊறிப்போயிற்று: முழு ரிங் என்றால் சாவுச் சேதி. வேறு எதற்கும் அப்படி அடிப்பதில்லை. மோகன் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறானே தவிர, வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அக்காவின் மகள் ஐஸ்வர்யா தர்மபுரியில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். நல்ல மதிப்பெண். செட்டிக்கரை அரசுப் பொறியியல் கல்லூரி அவளுக்குக் கட்டாயம் கிடைக்கும் என்று மோகனே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தான். வீட்டுக்குப் பக்கம், செலவும் கம்மி. மலைக்காட்டை நம்பியிருக்கிற ராஜப்பனுக்கு அதைத் தாண்டி வேறு எந்தக் கல்லூரிக்கும் அனுப்ப வக்கில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கலந்தாய்வுக்கு இணையத்தில் பதிவு செய்தபோது, பெண் சாதிச் சான்றிதழைத் தலைகீழாகப் படம்பிடித்து ஏற்றிவிட்டாள். அதைச் சரிசெய்ய மோகன் அரை நாள் அலைந்தான்; பாஸ்வேர்டையும் மாற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டான். அலைந்த எரிச்சலில் சொன்னான்: “இனி இதுல நீ கையே வெக்காத, ஐசு. ஒன்னு கெடக்க ஒன்னு பண்ணிடுவ. எந்தக் கல்லூரி முன்ன, எது பின்னன்னு வரிசை போடச் சொல்லி ஒங்க போனுக்கு மெசேஜ் வரும். வந்ததும் அம்மாவ ஒரு ரிங் குடுக்கச் சொல்லு, போதும். மத்தது எல்லாம் நான் பாத்துக்கறேன்.”

பெண் தலையை ஆட்டினாள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாய்மாமன் பொறுப்பேற்றுக்கொண்டால் அதற்குமேல் என்ன வேண்டும்?

இது நடந்து சில வாரத்தில்தான் முன்னோட்ட வேலை அவன் கைக்கு வந்தது. முதல் தடங்கல் லேப்டாப். அதற்குள்ளேயே எமுலேட்டர் என்று ஒரு போலிப் போனை உருவாக்கி, அதில் புது இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்கலாம். அதற்கான கோப்புகளை இறக்க உட்கார்ந்த அன்றைக்கே, சாலையை அகலப்படுத்த வந்த ஜேசிபி இணையக் கேபிளை அறுத்துவிட்டுப் போய்விட்டது. கேபிள் ஒட்டி வந்த பிறகு லேப்டாப்பில் இடம் போதவில்லை. மாதம்மாவுடைய அண்ணன் கல்யாண வீடியோவைத் தூக்கி ஒரு பென் டிரைவில் போட்டான்.

“எங்கண்ணங் கல்யாணந்தான் ஒங்களுக்குக் கண்ண உறுத்துச்சுங்களா?” என்றாள் மாதம்மா. “ஒங்கக்கா வூட்டுக் காதுகுத்து மட்டும் பத்தரமா இருக்குது.”

அவன் காதுகுத்தையும் தூக்கிப் போட்டான். இடம் கிடைத்தது. அதை ஓட்டத் தேவையான ஜாவா மென்பொருளின் பதிப்பு பொருந்தவில்லை என்று ஒரு பிழை வந்தது. அதைச் சரிசெய்தால் அதற்குத் தம்பி ஒன்று வந்தது. ஒருவழியாகப் போலிப் போன் திரையில் எழுந்து நின்றபோது லேப்டாப் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தால்தான் அடுத்த திரை தெரியும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பழைய லேப்டாப் பாவம் என்ன செய்யும்.

கம்பெனி ஒரு சோதனைப் போனைக் கூரியரில் அனுப்பியிருந்தது. அது எந்த ஊர் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்ததோ, வந்து சேரவில்லை. தினமும் காலைக் கூட்டத்தில் டீம் லீடர் கேட்டார், “மோகன், என்ன அப்டேட்?” இவன் ஜேசிபி கதையைச் சொன்னான், ஜாவா கதையைச் சொன்னான், கூரியர் கதையைச் சொன்னான். மூன்றும் உண்மை. ஆனால் மூன்று உண்மையை அடுத்தடுத்துச் சொன்னால் பொய் மாதிரித்தான் இருக்கும். “வேணும்னா இங்க யாருக்காவது மாத்திடறேன், சங்கடப்படாதீங்க” என்றார் அவர். அந்த மரியாதைதான் அவனைச் சுட்டது.

அன்றைக்கே தன் சொந்தப் போனைக் கேபிளில் மாட்டினான்.

முன்னோட்டப் பதிப்போடு வருகிற குறிப்பில் முதல் வரியே அதுதான்: அன்றாடம் பயன்படுத்தும் போனில் இதை நிறுவாதீர்கள். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மோகன் இதை வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்தவன். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. போனின் உட்பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று திரை எச்சரித்தது. படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, சரி என்று அழுத்தினான். சிறிது நேரத்தில் போன் துடைத்த சிலேட்டாக எழுந்தது.

சோதனைக்குரிய போனில் சோதனைக் கணக்கைத்தான் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. அதனால் அவனுடைய சொந்தக் கணக்கில் இருந்த பெயர்களும் எண்களும் உள்ளே வரவில்லை. வேலை முடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று விட்டான். அவசரத்துக்கு மாதம்மாவின் எண்ணையும் அலுவலக எண்கள் சிலவற்றையும் கையால் பதிந்தான். அக்காவின் எண்ணைப் பதியவில்லை. மறந்தான் என்றுகூடச் சொல்ல முடியாது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வானே அந்த எண்ணை, அதைப் பதிவதற்கு என்ன அவசரம்?

அடுத்து, புதிய வசதிகள் என்று ஒரு நீளமான பக்கம் வந்தது. எல்லாவற்றையும் சோதிப்பதுதானே வேலை? ஒவ்வொன்றாகப் படிக்காமல் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் இயக்கிவிட்டான். அதில் ஒன்று, மோசடி அழைப்புகளைத் தடுப்பதற்கானது. பெயர் பதியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து ஒரே ரிங்கில் அறுந்துபோனால், அது நம்மைத் திருப்பிக் கூப்பிட வைக்கும் ஏமாற்றுக்காரனின் தூண்டில் என்று போன் எடுத்துக்கொள்ளும். சத்தம் எழுப்பாது, திரையிலும் காட்டாது. அமைப்புகளுக்குள் ஒரு மூலையில் ஒதுக்கிப் போட்டுவிடும். எங்கோ உட்கார்ந்து அதை எழுதியவர்கள் நல்லதைத்தான் நினைத்திருப்பார்கள். வத்தல்மலையில் ஒரு கலைமணி இருக்கிறாள் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

வேலை சூடு பிடித்தது. லாரிச் செயலி புதுப் பதிப்பில் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டது. வரைபடம் வரவில்லை. அறிவிப்பு மணி அடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் பிடித்து நிமிர்த்தினான். பெங்களூரில் ஆறு பேர் பார்த்த வேலையை ஒற்றை ஆளாகச் செய்கிறோம் என்று ஒரு மிதப்பு. போனும் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவனுக்குப் பிடித்தும் இருந்தது. “என்னுங்க, மலையிலிருந்து அண்ணி ரொம்ப நாளா கூப்புடலயே” என்று ஒரு தடவை மாதம்மா கேட்டாள். “சாமைக்குக் களை எடுக்கற சமயம்” என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். கலந்தாய்வு ஞாபகம் வராமல் இல்லை. போன வருடத் தேதியை மனதில் வைத்துக்கொண்டு, இன்னும் நாள் இருக்கிறது, வந்தால்தான் ரிங் வருமே என்று இருந்தான்.

கடைசியாக மிஞ்சியது அழைப்புகள். லோடு புரோக்கர்களும் டிரைவர்களும் பேசிக்கொள்வதே மிஸ்டு கால் மூலமாகத்தான். ஒரு ரிங் கொடுத்தால் லோடு தயார் என்று பொருள். அது புதுப் பதிப்பிலும் செயலிக்கு வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தர்மனைக் கூப்பிட்டு ஒரு ரிங் கொடுத்து வைக்கச் சொன்னான்.

“குடுத்துட்டனே” என்றார் தர்மன்.

“வரலைங்களே.”

“ஒம்போனு ரிப்பேருப்பா. நீயே ரிப்பேரு பாக்கறவன், ஒனக்கே இப்படியா?”

மோகன் அமைப்புகளுக்குள் நுழைந்து தேடினான். அந்த ஒதுக்கிடம் அகப்பட்டது. மேலே தர்மனின் எண். அதற்குக் கீழே இன்னொரு எண், அடுத்தடுத்த மூன்று நாள்களில் மூன்று முறை. கடைசி முறை வந்தே ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெயர் இல்லை. அவனுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை.

உடனே கூப்பிட்டான். எல்லைக்கு வெளியே என்றது. லேப்டாப்பில் கலந்தாய்வுப் பக்கத்தைத் திறந்தான். ஐஸ்வர்யாவின் சுற்று தொடங்கி, கல்லூரி வரிசை போடுவதற்கான மூன்று நாள் கெடு முடிந்து, ஒதுக்கீடும் வந்துவிட்டிருந்தது. அவள் கணக்கில் ஒரு கல்லூரிகூடப் பதியவில்லை. செட்டிக்கரைக் கல்லூரியில் கடைசியாக இடம் கிடைத்தவரின் மதிப்பெண்ணைப் பார்த்தான். ஐசுவுடையது அதைவிட அதிகம். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தான். தர்மன் இரண்டு தரம் “என்னப்பா, என்னப்பா” என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் லைன் கிடைத்தது.

“தம்பி!” என்றாள் அக்கா. குரலில் அப்படியொரு சந்தோஷம். “நீ வேலையில இருப்பன்னு எனக்குத் தெரியும். இந்தப் புள்ளதான் மாமன் கூப்புடல, மாமன் கூப்புடலன்னு உசுர வாங்குச்சு. அவன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான், வாய மூட்றீன்னன். சொல்லு, எந்தக் காலேஜு? செட்டிக்கரையா?”

போனில் அதைச் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை, அதுதான் உண்மை.

“நேர்ல வந்து சொல்றேன்க்கா” என்றான்.

கோழை ஒரு நாளைக்குத் தள்ளிப்போட்டால் துக்கம் இரண்டு மடங்காக வளர்ந்து நிற்கும். மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு வளைவு வளைவாக மலை ஏறிப் போனபோது, அக்கா வீட்டில் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தம்பி நேரில் வந்து சொல்கிறான் என்றால் நல்ல சேதியைத் தவிர வேறு என்னவாக இருக்கும்? பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். ராஜப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். ஐஸ்வர்யா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அவன் முகத்தை முதலில் படித்தவள் அவள்தான். எதுவும் சொல்லும் முன்பே அவள் தலை குனிந்துவிட்டது.

அவன் சொன்னான். போனைத் துடைத்தது, அக்கா எண்ணைப் பதியாமல் விட்டது, ஒரு ரிங் அழைப்பைப் போன் ஒளித்து வைத்தது எல்லாவற்றையும் சொன்னான். குள்ளம்மாள் மெதுவாக எழுந்து வீட்டுக்குப் போனாள். அக்காவுக்கு மற்றதெல்லாம் புரிந்ததோ இல்லையோ, ஒன்று புரிந்தது.

“மூணு நாளும் குடுத்தனேடா” என்றாள். “பாற மேல ஏறி நின்னு குடுத்தனே.”

“வந்துச்சுக்கா. நான்தான் பாக்கல.”

“முழு ரிங்கு அடிம்மான்னு இந்தப் புள்ள காலப் புடிக்காத கொறையா சொல்லுச்சு. நல்ல காரியத்துக்கு அப்படி அடிக்கக்கூடாதுன்னு நான்தான் வுடல. எஞ்சாமி, எம்மேலதான் தப்பு.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். ஒரு அறை விட்டிருந்தால் அதையும் வாங்கிக்கொண்டிருப்பான். தப்பைத் தன் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் அழுதது அவனைக் குன்ற வைத்தது. ராஜப்பன் மட்டும், “கோழி ஆறுது மாப்ள, சாப்புடுங்க” என்றார். மோகன் களி உருண்டையைக் கிள்ளித் தட்டிலேயே வைத்தான். ஐஸ்வர்யா குழம்பு ஊற்றினாள், தண்ணீர் வைத்தாள், மாமனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விட்டுப்போனவர்களுக்கென்று கடைசியில் துணைக் கலந்தாய்வு ஒன்று உண்டு. மோகன் அதற்காக விடுப்புப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். செட்டிக்கரையில் இடமெல்லாம் நிரம்பியிருந்தது. மிஞ்சியவை எங்கோ தெற்கே இருந்த தனியார் கல்லூரிகள். கட்டணத்தைத் தான் கட்டுவதாக மோகன் சொன்னான். ராஜப்பன் மரியாதையாக, ஆனால் அசையாமல் மறுத்துவிட்டார். “இன்னொருத்தர நம்பி ஒரு தடவ இருந்தாச்சுங்க மாப்ள” என்றார். அவர் மனதில் பட்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

இதற்கிடையில் கம்பெனியில் அவனுக்கு நல்ல பெயர். ஒரு ரிங் அழைப்புகள் புதுப் பதிப்பில் மறைந்துபோகின்றன என்று அவன் எழுதி அனுப்பிய குறிப்பைப் படித்துவிட்டு, காலைக் கூட்டத்தில் டீம் லீடர் எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார். “இங்க யாருக்குமே தோணாத விஷயம். ஊர்ல இருக்கறதால உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார். புரோக்கர்களின் எண்கள் போனில் தானாகப் பதியும்படி செயலியை மாற்றினார்கள். டிரைவர்கள் யாருக்கும் இனி ஒரு லோடும் தவறாது. இத்தனை நாளும் எந்த வார்த்தைக்காக ஏங்கினானோ அது வந்தபோது, அவன் ஒலியை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கூரியரில் வந்த சோதனைப் போன் பிரிக்காமலே மேசையில் கிடந்தது.

ஓசூர்ப் பக்கம் ஒரு மின்சாதனக் கம்பெனிக்குப் பெண்களை எடுக்கிறார்கள் என்று மலைக்கு ஆள் வந்தது. தங்குமிடம், சாப்பாடு எல்லாம் அவர்களே. ஐஸ்வர்யா போகிறேன் என்றாள். அடுத்த வருடம் மறுபடி கலந்தாய்வுக்குப் பதிந்து பார்க்கலாம் என்று மோகன் எவ்வளவோ சொன்னான். “பாக்கலாங்க மாமா” என்றாள். பார்க்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

அவள் கிளம்பிய காலையில் தர்மபுரி பேருந்து நிலையத்துக்கு வழியனுப்பப் போனான். அக்கா வரவில்லை, மகளை மலையிலேயே மினிபஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாளாம். ஒரு பை, ஒரு பிளாஸ்டிக் பக்கெட், அதற்குள் தட்டும் டம்ளரும். ஓசூர் பேருந்து இன்னும் வரவில்லை. இருவரும் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். டவுன் பஸ் நிற்கும் பக்கமிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை.

“ஐசு! எங்கடி போற, பக்கெட்டெல்லாம் எடுத்துக்கிட்டு?”

அவள் பெயர் அன்பரசி. கூடப் படித்தவள், மலையடிவாரத்து ஊர். ஐஸ்வர்யா அவளை மாமாவுக்கு அறிமுகப்படுத்தினாள். செட்டிக்கரைக் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம்.

“எல்லாம் இவளாலதாங்க” என்றாள் அன்பரசி, மோகனைப் பார்த்து. “எங்க வூட்டுல ஒருத்தருக்கும் அந்த வரிசை போடறது தெரியாதுங்க. இவதான் எங்கூடயே ஒக்காந்து, எது முன்ன, எது பின்னன்னு பாத்துப் பாத்துப் போட்டுக் குடுத்தா. இல்லன்னா எனக்கெல்லாம் எங்கீங்க கெடைக்கும்? இவளைவிட எனக்கு மார்க்கு கம்மிங்க.” அப்புறம் பஸ் கிளம்புகிறது என்று யாரோ கூப்பிட, “போன் பண்ணுடி” என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஐசு எங்கே போகிறாள் என்ற கேள்விக்குப் பதில் வாங்கக்கூட அவளுக்கு நேரமில்லை.

மோகன் ஐசுவின் பக்கம் திரும்பினான்.

“எப்பம்மா இது?”

“அந்த மூணு நாள்லதாங்க மாமா. ரெண்டாம் நாளு. மினிபஸ்ல எறங்கி அவ வூட்டுக்குப் போயிருந்தன்.”

“ஒனக்குத் தெரியுமா அதெல்லாம் போட?”

“தெரியுங்க. பாஸ்வேர்ட மாத்தறதுகூட ஈஸிதான். நம்ம போனுக்குத்தான மெசேஜு வருது.”

“அப்பறம் ஏம்மா ஒன்னோடத நீயே போடல?”

ஐஸ்வர்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இப்படியும் ஒரு கேள்வி உண்டா என்கிற குழப்பம்தான் இருந்தது.

“அவளோடதுல கைய வெக்காதன்னு யாரும் சொல்லலீங்களே மாமா.”

ஓசூர் பேருந்து வந்தது. அவள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் பையை வெளியிலிருந்து நீட்ட, வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்பது வாய்வரை வந்தது. நடத்துனர் விசில் கொடுத்துவிட்டார். “வரங்க மாமா, வெயில்ல நிக்காதீங்க” என்றாள் அவள். பேருந்து நகர்ந்தது.